பாம்பு மார்க் பவுடரும் என் பட்டியும்

அடுத்த மாசம் ராணுவப் பயிற்சிக்கு சிங்கப்பூர் தெக்கோங் தீவுக்குப் போகப்போற சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் "அண்ணே பேக்ல என்னென்ன எடுத்து வைக்கணும்"னு கேட்டான். பெருசா ஒண்ணும் வேணாம்டா, எல்லாம் அங்கயே குடுத்துருவாங்க, ஸ்னேக் பிராண்ட் வேர்க்குரு பவுடர் மட்டும் ஒரு டின் வாங்கிக்கோன்னேன். சிரிச்சான். சிரிக்கட்டும், காட்டுல தங்கிப் பயிற்சி எடுக்கற ஃபீல்ட் கேம்ப் வரட்டும்.

பாம்பு உடம்புல அம்பு குத்துன மாதிரி படம் போட்ட டின்தான், தாய்லாந்து சரக்கு, சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும். எங்கப்பா கார்ப்பரலா ரெண்டரை வருஷம் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) பண்ணவரு, எனக்கு ரெண்டு வருஷம்தான், 2012ல நான் போறப்ப எனக்கு அறிவுரை எதுவும் சொல்லல, இந்த டின்னை மட்டும் கையில குடுத்து அனுப்புனாரு.

ஃபீல்ட் கேம்ப்ல குளியல் கிடையாது. நாள்பூரா மண்ணுல உருண்டு, ஷெல்ஸ்க்ரேப் (ஆள் படுத்துக்கற பள்ளம்) தோண்டி, வேர்வை ஓட்டையெல்லாம் அடைச்சு கழுத்துலயும் முதுகுலயும் வேர்க்குரு பொரிஞ்சிடும், ராத்திரி தூங்கறப்ப ஆயிரம் ஊசி குத்தற மாதிரி இருக்கும். அப்போ சட்டையைக் கழட்டி, ஈரம் துடைச்சிட்டு, இந்தப் பவுடரைப் போட்டு, ஜிப்லாக்ல வச்சிருந்த காஞ்ச டிரெஸ்ஸை மாட்டணும். இதுக்குப் பேர் பவுடர் பாத். போட்ட அஞ்சாவது செகண்ட்ல யாரோ ஃபேனைத் தட்டிவிட்ட மாதிரி ஜில்லுன்னு இருக்கும் பாருங்க... அது ஒண்ணுக்கே எவ்வளவு வேணாலும் குடுக்கலாம். ஒரே எச்சரிக்கை, தொடை உரசி தோல் போயிருந்தா அங்க மட்டும் போட்றாதீங்க. நான் போட்டேன். மேல விவரம் வேணாம்.

முதுகுக்கு மட்டும் ஆள் வேணும், அதுக்குத்தான் பட்டி. பட்டின்னா ஆட்டுப்பட்டி இல்ல, ஆர்மில ஆளுக்கொரு ஜோடி போட்டு விடுவாங்களே அது. எனக்கு வாய்ச்சவன் நம்ம தமிழ்ப் பையன்தான், ஆனா செக்‌ஷன்ல எல்லாரும் வச்ச பேர் சிலிபாடி, அந்தக் குட்டியூண்டு காரமான மிளகாய். ஆளும் குட்டை, காரமும் அப்படி. பூட்ஸ் லேஸ் அறுந்தா பூட்ஸைத் திட்டுவான், சோறு ஆறிப்போனா சோத்தைத் திட்டுவான், யாரும் கிடைக்கலன்னா நான் இருக்கவே இருக்கேன். என் முதுகுக்குப் பவுடர் போடறப்ப போடறானா அறையறானான்னே தெரியாது, பளார் பளார்னு சத்தம் கேக்கும், "நகராம நில்லுடா மாடு"ன்னு வேற. ஆனா ஒரு ராத்திரி கூட போடாம விட்டதில்ல, என் ரைஃபிளையும் சேர்த்து அவன் ரைஃபிளோட காலுக்கடியிலயே வச்சுக்குவான்.

ஃபீல்ட் கேம்ப் முடிஞ்சு பங்க்ல, அதாவது நாங்க தூங்கற ரூம்ல, நடந்தது இது. சனிக்கிழமை புக் அவுட், அதாவது வீட்டுக்குப் போற நாள், அதுக்கு முன்னாடி ஸ்டாண்ட்-பை பெட்னு ரூம் சுத்தமா இருக்கான்னு ஒரு சோதனை. ஞாயித்துக்கிழமை என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அன்னைக்குன்னு பாத்து மூடியைச் சரியா மூடாம டின்னை எடுத்தேன், கீழ விழுந்து கட்டிலுக்கடியெல்லாம் வெள்ளை. பயத்துல ஈரத்துணியால துடைச்சேன், அது அரிசிமாவு மாதிரி குழைஞ்சு டைல்ஸ் இடுக்குல போய் உக்காந்துடுச்சு (ஈரத்துணி போடாதீங்க, முதல்ல பெருக்கித் தள்ளுங்க). சார்ஜன்ட் குனிஞ்சு விரலால ஒரு இழு இழுத்து மோந்து பாத்துட்டு யாருதுன்னாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்து சிலிபாடி "என்னுது சார்ஜன்ட்"ங்கறான். அதோட விட்டிருந்தா இருபது புஷ்-அப்போட முடிஞ்சிருக்கும். அவரு என்னமோ நக்கலா சொன்னாரு, இவன் பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டான், அந்த வார்த்தையை இங்க எழுத முடியாது. கன்ஃபைன்மென்ட், வீட்டுக்குப் போக முடியாது. நாங்க எல்லாம் ஃபெர்ரிக்கு லைன்ல நிக்கறப்ப அவன் கையில துடைப்பம்.

நான் அப்பவே போய் உண்மையைச் சொல்லிருக்கணும். சொல்லல. அக்காவை நினைச்சேன், கால் நகரல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி நிச்சயதார்த்த லட்டு ஒரு டப்பா எடுத்துட்டு கேம்ப்புக்குத் திரும்பி புக் இன் பண்ணேன். நன்றி சொல்லலாம்னு வாயைத் திறந்தா "ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியாத உனக்கெல்லாம் எவன்டா ரைஃபிள் குடுத்தான்"னு ஆரம்பிச்சான், பங்க் முழுக்க எழுந்து உக்காந்துடுச்சு. திட்டிக்கிட்டே நாலு லட்டு தின்னான்.

பிஎம்டி (அடிப்படை ராணுவப் பயிற்சி) முடிஞ்சு வேற வேற யூனிட். இப்போ வரைக்கும் எந்தக் கடையில இந்த டின்னைப் பாத்தாலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவான், கூடவே ஒரு கெட்ட வார்த்தை.

ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை, வாசனை தூக்கலா இருக்கறதால காட்டுல ஒளிஞ்சிருக்கறப்ப மோந்தே கண்டுபிடிச்சிடுவாங்க, அதுக்குத்தான் அந்த அரை கம்மி. லாவெண்டர் வாசனையும் வருது, எனக்குப் பழசுதான் புடிக்கும். தம்பிக்கு வாங்கிக் குடுத்த டின்னுல மூடியைச் சுத்தி நானே ரெண்டு சுத்து டேப் ஒட்டிக் குடுத்துட்டேன்.