அல்லி பூக்க எந்த உரம்: மாத்திரையா, திரவமா?

இலை தட்டுத் தட்டாய் விரிகிறது, மொட்டு மட்டும் வரவில்லை. இந்த நிலையில்தான் பலரும் இரண்டு உரங்களுக்கு நடுவே தடுமாறுகிறார்கள்.

சத்து சேரும் இடம்: மாத்திரை சேற்றுக்குள், வேருக்கு அருகில் கரைகிறது. திரவ உரம் நீர் முழுவதும் பரவுகிறது. அல்லியும் தாமரையும் பெரும்பாலும் வேர்வழியே உண்பவை. நீரில் கலந்த சத்தை முதலில் விருந்தாக்கிக்கொள்வது பாசிதான். நீர் பச்சையாகிவிட்ட பிறகு பூவைப் பற்றி யார் பேசுவது?

உழைப்பு: மாத்திரையைப் புதைக்கக் கை சேறாகும், ஆனால் மாதம் ஒருமுறை போதும். திரவத்தை ஊற்றுவது எளிது. அடிக்கடி ஊற்ற வேண்டும்.

ஆபத்து: எதிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலைதான் கொழிக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) குறையாத கலவையைத் தேடுங்கள். தாமரைக் கிழங்குக்கு, நீருக்கு மேல் நிமிர்ந்த இலைகள் வரும்வரை மாத்திரை வேண்டாம், இளவேர் கருகிவிடும்.

சேற்றில் நட்ட அல்லிக்கும் தாமரைக்கும் என் வாக்கு மாத்திரைக்கே. வேர் நீரில் தொங்கும் ஆகாயத்தாமரை போன்ற மிதவைச் செடிகளுக்குத் திரவம், அதுவும் மீன் இல்லாத தொட்டியில் மட்டும். மீன் இருந்தால் அதன் கழிவே பெரும்பாலும் போதும். நேரடி வெயில் 6 மணி நேரமாவது விழாத இடமென்றால், இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் தொட்டியை நகர்த்துங்கள்.