மேலப்பாளையத்தில் ஒரு மலாய் பேச்சு வகுப்பு

மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலமான கிளந்தானுக்குக் குடும்பத்தோடு போகிறோம் என்றதும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழை வைத்தே காலம் தள்ளிவிடலாம், கிளந்தான் தலைநகர் கோத்தா பாருவின் கடைத்தெருவில் மலாய் தெரியாமல் சிரமப்படுவீர்கள் என்று கடையநல்லூர் உறவினர் ஒருவர் எச்சரித்தார். ஆகவே, பினாங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவகத்தில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் மேலப்பாளையத்தில் தம் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு மாலையாக மொத்தம் 16 வகுப்புகள். கட்டணம் 2,000 ரூபாய்.

மலாயைத் தமிழ் வழியாகவே கற்பிப்பதுதான் இவ்வகுப்பின் பெருஞ்சிறப்பு. 'கீத்தா', 'காமி' என்னும் இரண்டு சொற்களுக்கும் ஆங்கிலவழி நூல் ஒரே பொருளைத் தந்ததால் நான் பல நாள் குழம்பியிருந்தேன். கேட்பவரையும் சேர்த்தால் 'கீத்தா', சேர்க்காவிட்டால் 'காமி', அதாவது நாம், நாங்கள் என்று பெரியவர் சொன்ன மாத்திரத்தில் அது விளங்கிவிட்டது. கடை அங்கே 'கெடை', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி' என்று தமிழிலிருந்து கடல் கடந்த சொற்களை அவர் அடுக்கியபோது, அந்நிய மொழி என்ற அச்சமே எனக்கு அகன்றது.

இலக்கணத்துக்கும் முன்பாக அவர் சொல்லித்தந்தது அழைக்கும் முறை. 'அண்ணாச்சி' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கும் நமக்கு, வயதில் மூத்த பெண்ணை 'மாக் சிக்' என்றும் ஆணைப் 'பாக் சிக்' என்றும் அழைப்பது எளிதாகவே படிந்தது. கோத்தா பாருவின் சித்தி கதீஜா சந்தையில் பெரும்பாலும் பெண்களே வியாபாரம் செய்கிறார்கள். சங்குப்பூவால் நீலமேற்றிய சோற்றில் செய்யும் நாசி கெராபு விற்ற மூதாட்டியிடம், "மாக் சிக், பெராப்பா?" என்று விலை கேட்டேன். இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, ஸ்டூல் ஒன்றை என் தாயாரின் பக்கம் நகர்த்தினார்.

ஆனால் அவர் சொன்ன விலை எனக்குப் புரியவில்லை. வகுப்பில் ஐந்துக்கு 'லீமா' என்று படித்திருந்தேன்; அவரோ 'லீமோ' என்றார். ஐந்து விரல்களை விரித்துக் காட்டிய பிறகே விளங்கியது. கிளந்தான் பேச்சு வழக்கு பொது மலாயிலிருந்து வெகுவாக வேறுபடுகிறது. அதைக் காதால் கேட்டுப் பழக ஓர் ஒலிப்பதிவுகூட வகுப்பில் இல்லாதது பெரிய குறை. பாடத்தாள்கள் ரோமன் எழுத்தில் மட்டுமே இருப்பதும் இடையூறுதான். தண்ணீரைக் குறிக்கும் 'ஆயர்' என்ற சொல்லை நாங்கள் பலரும் ஆங்கிலப் பழக்கத்தால் 'ஏர்' என்றே வாசித்தோம். பக்கத்தில் தமிழிலும் அச்சிட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது.

ஊர் திரும்பியதும் இவற்றைப் பெரியவரிடம் சொன்னேன். கிளந்தான் பேச்சு தமக்கே சரளமாக வராது என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு, என் தொலைபேசியில் பதிவாகியிருந்த சந்தைப் பேச்சை அடுத்த வகுப்புக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மலேசியாவின் கிழக்குக் கரைக்குச் செல்ல நினைப்பவர்கள் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே இங்கே சேர்ந்துவிடுவது நல்லது.