வாவிக்கரை வெளிக்களக் கற்றல் முகாம்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

மட்டக்களப்பு வாவியோரத்தில் தரம் 8, 9 மாணவர்களுக்காக ஆசிரியர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நடத்தும் வெளிக்களக் கற்றல் முகாமுக்கு என் மகளை அனுப்பியதோடு, உதவிக்கு வரும் பெற்றோரில் ஒருத்தியாக நானும் உடன் சென்றிருந்தேன். பௌர்ணமி விடுமுறையை ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவுமாக நடைபெறும் இம்முகாமைப் பற்றி மற்றப் பெற்றோர் அடிக்கடி விசாரிப்பதால், என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கட்டணம் பெரிதன்று, ஒரு பாடத்துக்கு மாதந்தோறும் நாம் கட்டும் ரியூசன் காசுக்குக் கிட்டிய தொகைதான். தோணிச் செலவும் உணவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

காலை அமர்வு கண்டல் காட்டில் நடந்தது. கண்டலின் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்டு தொங்குவதையும், கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சிகள் போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களையும் பரீட்சைக்காகப் பாடமாக்கிய பிள்ளைகள்தாம் பெரும்பாலும் வந்திருந்தார்கள். வழிநடத்திய விஞ்ஞான ஆசிரியர் அவற்றில் எதையும் விளக்கவில்லை. வேர் ஏன் கீழே போகாமல் மேலே வருகிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். பையன் ஒருவன் முழங்கை வரை சேற்றுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான்; கறுத்த சேறு, கூழ்முட்டை நாற்றம். முகத்தைச் சுளித்தவர்களிடம் ஆசிரியர், “இதுக்குள்ள காத்து இருக்குமா?” என்று மட்டும் கேட்டார். மிச்சத்தைப் பிள்ளைகளே தங்களுக்குள் வாதாடிக் கண்டுபிடித்தார்கள். அதே ஆசிரியர் தில்லை மரத்தருகே வந்தபோது கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்றும், கிளையை ஒடிக்கவோ இலையைக் கிள்ளவோ கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லி, அனைவரையும் தள்ளி நிற்கவைத்தார். எங்கே வாய் மூடி நிற்பது, எங்கே உத்தரவு போடுவது என்று தெரிந்த ஆசிரியர்கள் இருப்பதுதான், என் பார்வையில், இந்த முகாமுக்குக் கொடுக்கும் காசின் பெறுமதி. வாவியைப் பார்க்க மட்டும் என்றால் கல்லடிப் பாலத்தில் இலவசமாகவே நின்று பார்க்கலாம்.

தோணிப் பயணத்தின்போது ஒரு மாணவி ஏற மறுத்தாள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாவலடியும் கல்லடியும் பட்ட பாட்டை அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் இது விளங்கும். அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் தண்ணீரைப் பற்றிய பயம் தாய் தகப்பனிடமிருந்தே வந்து சேர்ந்திருக்கிறது. 1941இல் வேல்சின் அபர்டோவியில் தொடங்கிய ‘அவுட்வேட் பவுண்ட்’ என்ற வெளிக்களச் சாகசப் பயிற்சிப் பள்ளியின் வழிவந்த முகாம்களில் சவாலை எதிர்கொள்ளவைப்பதே முதன்மையானதாக இருக்கும். இங்கிருந்த ரீச்சர் அவளை வற்புறுத்தவுமில்லை, “பயப்படாதே” என்று எல்லோர் முன்னிலையிலும் தேற்றவுமில்லை. புறப்படும் தோணிகளையும் அவற்றில் ஏறியவர்களின் பெயர்களையும் பதிவு செய்து, திரும்பி வந்ததும் சரிபார்க்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அது ஒப்புக்குக் கொடுத்த வேலையன்று. அந்தப் பட்டியல் சரியாகும் வரை அடுத்த தோணி புறப்படவில்லை. கடைசி வரை அவள் தோணியில் ஏறவில்லை. அதை யாரும் ஒரு குறையாகப் பேசவுமில்லை.

பிற்பகலில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் சென்றோம். 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீட்டைப் படம் எடுப்பதில் பிள்ளைகள் காட்டிய ஆர்வத்தை வரலாற்று விளக்கத்தில் காட்டவில்லை. அதைப் பற்றி எழுதப் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் அதன் பின்னர் மணல்திட்டில் உட்கார்ந்து நடந்த விவாதம், முகாமின் மிகச் சிறந்த பகுதி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியில் மாரி வெள்ளம் நிரம்பும்போது, கடலை மறித்துக் கிடக்கும் மணலை வெட்டிவிட வேண்டும் என்று வயல்காரர் கேட்பார்கள். நீர் மட்டம் திடீரென இறங்கினால் மீனும் இறாலும் என்னவாகும் என்று மீனவர் கவலைப்படுவார்கள். எப்போது வெட்டுவது? வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரைப் பிள்ளைகளை மீனவர் பக்கமும், கிழக்கே கடலோர எழுவான்கரையின் மீனவக் குடும்பப் பிள்ளைகளை வயல்காரர் பக்கமும் நிறுத்தியதுதான் புவியியல் ஆசிரியரின் கெட்டித்தனம். வெல்லாவெளிப் பக்கத்துப் பையன், தன் அப்பாவின் வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்ததை மறந்தவன் போல், இறாலுக்காக அவ்வளவு சூடாகப் பேசினான். இடையில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழும் நிலை வந்தபோதும் ஆசிரியர் உடனே குறுக்கிடவில்லை. சற்று விட்டு, எதிர்த்தரப்பு கடைசியாகச் சொன்னதை முதலில் அவர்களே ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்டார். எங்கள் பிரதேச சபைக் கூட்டங்களுக்கும் இவ்விதியைச் சிபாரிசு செய்யலாம்.

இரவில், வாவிக்குள்ளிருந்து இசைபோல் எழுவதாகச் சொல்லப்படும் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கும் அமர்வு. 1848இல் இங்கு வந்த, இலங்கையின் பிரித்தானிய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், நிலவு வெளிச்சத்தில் வாவியில் இவ்வொலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அப்போது ஊர் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையன்று, ஊரி என்னும் ஓட்டு நத்தையை. துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் பழைய முறையையே பிள்ளைகளும் பின்பற்றினார்கள். கேட்டதை மட்டும் எழுத வேண்டும், கேட்க விரும்பியதை எழுதக்கூடாது என்பது நிபந்தனை. என் மகள், “ஓட்டோச் சத்தம், நாய் குரைத்தது, வேறொன்றும் இல்லை” என்று எழுதினாள். நேர்மையான அவதானிப்பு என்று ஆசிரியர் அதற்குக் குறிப்பெழுதியிருந்தார். சில வாரங்கள் கழித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பேடு திருப்பித் தரப்பட்டபோது, இப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். புள்ளி எதுவும் இடப்படவில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களின் அளவில் இருந்தன. மெலிந்த பிள்ளைகளுக்கு அவை தோளைவிட்டு நழுவின. பட்டியலில் அவ்வளவு கவனம் காட்டுபவர்கள் இதில் அசட்டையாக இருப்பதை ஏற்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை வசதி போதாது. இரவில் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தது. துடுப்புகள் குறைவாக இருந்ததால் கடைசியில் நின்றவர்கள் தங்கள் முறை வருவதற்குள் தூங்கிவிட்டார்கள். செயற்பாட்டுத் தாள்கள் எங்கோ வெளிநாட்டிலிருந்து எடுத்தவை போலும். ஊசியிலை மரங்களும் கரடியும் அச்சிட்ட தாளில் கண்டலைப் பற்றி எழுதச் சொன்னதைப் பார்த்துப் பிள்ளைகளே சிரித்தார்கள்.

நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு இம்முகாம் பிடித்துப்போகும் என்பது தெரிந்ததே. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளையே நான் முதலில் அனுப்பச் சொல்வேன், ஏனெனில் இங்கு கையால் செய்யவும் காதால் கேட்கவும் வேலை அதிகம். அனுப்புவோர் பழைய சப்பாத்தும் மாற்றுடையும் நுளம்பு மருந்தும் கொடுத்துவிடுங்கள். நீந்தத் தெரியுமா என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். பிள்ளையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, திருப்தியான பதில் கிடைத்த பின்னரே பணத்தைக் கட்டுங்கள்.