மாலா-என்: நான்கு வருடம் போட்ட அனுபவம்

இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை வாங்கினேன். இலவசம்தான். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் இதைப் போடக் கூடாது என்று நர்சக்கா முன்பே சொல்லியிருந்தார். பிரஷர் பார்த்து, ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் அட்டையைக் கொடுத்தார்.

அட்டையில் 28 மாத்திரை. வெள்ளை 21, பழுப்பு 7. ஒவ்வொரு வெள்ளையிலும் இரண்டு செயற்கை ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியோல் 0.03 மில்லிகிராம். உடம்பில் ஊறும் ஹார்மோனையே மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுமாம். அதனால்தான் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிச் செயற்கையாகச் செய்கிறார்கள். இவை தினமும் உள்ளே போனால், கருமுட்டையை வெளிவிடச் சொல்லும் மூளையின் உத்தரவு நின்றுவிடுகிறது. கர்ப்பப்பை வாயில் சளி கெட்டியாகி விந்தணுவையும் விடுவதில்லை. பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் இறங்குவதால் வருகிற ரத்தப்போக்கைத்தான் நான் வழக்கமான மாதவிலக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு மாதம் சிரமப்பட்டேன். காலையில் போட்டதும் குமட்டும். நடுநடுவே திட்டுத்திட்டாக ரத்தம். "கர்ப்பப்பை காஞ்சு போயிடும், விட்டுடும்மா" என்றார் அத்தை. "மூணு மாசம் பொறு, ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு" என்றார் நர்சக்கா. மூன்றாவது அட்டையில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆறு நாள் கட்டிகட்டியாகப் போனது மூன்று நாளாகக் குறைந்தது. இடுப்பு வலியில் சுருண்டு படுத்த எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

நாத்தனார் கல்யாணத்துக்குப் போனபோது அட்டையை பீரோவிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு வெள்ளை அப்படியே இருக்கிறது. பகீரென்றது. உடனே ஒன்று போட்டு, அன்று ராத்திரி வழக்கமானதையும் போட்டு, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்தினோம். இந்த மாத்திரை போடுகிறவர்களில் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 7 பேர் கருத்தரிப்பது பெரும்பாலும் இப்படி விட்டுப்போவதால்தான். அப்புறம் அட்டை பல் துலக்கும் பிரஷ் பக்கத்துக்கு வந்துவிட்டது.

போன மாதம் தங்கை எனக்கும் ஒரு அட்டை கொடு என்றாள். கொடுக்காமல் நர்சக்காவிடம் கூட்டிப்போனேன். அவளுக்குக் கண்ணில் மின்னல் வெட்டியபடி ஒற்றைத் தலைவலி வரும். பக்கவாத ஆபத்து உண்டு, உனக்கு இது வேண்டாம் என்று சொல்லி 'சாயா' என்ற வேறொரு கருத்தடை மாத்திரையைக் கொடுத்தார். அதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. ஞாயிறும் புதனும் போடுகிறாள்.