அம்பாசடரில் இசுசு இன்ஜின்: 28 வருஷம் ஓட்டியவனின் புலம்பல்

பித்தளையில் ஒரு வளையம். உள்ளங்கையில் வைத்தால் குழந்தை வளையல் மாதிரி இருக்கும். இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங்; கியர் மாறும்போது இரண்டு பக்கச் சுற்றையும் ஒன்றாக்கிப் பல்லைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிற வளையம். ஏழு வாரமாக என் வண்டி ஷெட்டில் கிடப்பதற்கு அதுதான் காரணம். கியர்பாக்ஸைப் பிரித்துப் பழைய செய்தித்தாள் மேல் பரப்பி வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் தம்பி ஒருவர் போன் செய்தார். பழைய அம்பாசடர் மார்க் 2 ஒன்று வாங்கியிருக்கிறாராம். அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டு என் வண்டி மாதிரி ஜப்பான் இசுசு இன்ஜினை வைக்க ஆசை. "அண்ணே, இசுசு போட்டுடலாமா? நீங்கதான் சொல்லணும்."

கேட்ட நேரம் சரியில்லை. அன்று என்ன சொன்னேனோ அது அவருக்கு உதவியிருக்காது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று பார்ப்போம்.

என் வண்டி 1976 அம்பாசடர் மார்க் 3. வரும்போது இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்குக்கு அடியில் ஒட்டிய தண்டில் நாலு கியர். அந்த இன்ஜினைப் பற்றித் தெரியாதவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை. 50 குதிரை தேறினாலே பெரிது. ஆனால் மூன்றாவது கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் போய்விட்டு அப்படியே மிதித்தால் முனகாமல் இழுக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்றால்தான் விழும். பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டின் பின்பக்கம் ஆயில் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளச் சுருள் மரை மாதிரி வெட்டி வைத்திருப்பான் வெள்ளைக்காரன். அது தேய்ந்ததும் நிறுத்துகிற இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

1998இல் எங்கள் வண்டிக்கு அந்த வியாதியும் வந்தது, பிஸ்டன் வியாதியும் வந்தது. குன்னூர் போகும்போது பர்லியாறு தாண்டுவதற்குள் இரண்டு தடவை கொதித்தது. மறுபடி போர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போடுவதா, டீசல் போடுவதா, இசுசு போடுவதா என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு. அப்பா டீசல் கட்சி. அந்தக் காலத்தில் ஊரே டீசல் கட்சி. ஏற்கெனவே முன்பக்கம் கனமான வண்டியில் அதைவிடக் கனமான டீசலை வைத்தால் ஸ்டியரிங் உரல் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கம்பெனிக்காரனே 90களின் தொடக்கத்தில் 1800 ஐ.எஸ்.இஸட். என்று இதே உடம்பில் 1817 சி.சி. இசுசு பெட்ரோலும் ஐந்து கியரும் வைத்து விற்றான்; 75 குதிரை. அப்படி ஒரு வண்டி விபத்தில் பின்பக்கம் நசுங்கி விலைக்கு வந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிராக்கெட், ரேடியேட்டர், முன் சீட் இரண்டு, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. யாராவது இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் இது ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள். விரற்கடை அகலத்துக்கு ஒரு பிராக்கெட் இல்லாமல் மூன்று வாரம் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது கியரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும்.

என் பின் அச்சில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு 9 பல், அது சுற்றுகிற பெரிய கிரௌனுக்கு 41. நாலாவது கியர் நேர் கியர், இன்ஜின் சுற்று அப்படியே பின்னால் போகும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் நாலரைச் சுற்றுக்குமேல் சுற்றியாக வேண்டும். மணிக்கு 80 கி.மீ. போனால் இன்ஜின் கிட்டத்தட்ட 3000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து ரோட்டுக்கு அது போதும், 80 போக ரோடு எங்கே இருந்தது? நாலு வழிச் சாலை வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வண்டிக்கு மூச்சுத் திணறல் இன்ஜினால் இல்லை, பல் கணக்கால் என்று. ஐந்தாவதில் போட்டதும் அதே 80க்கு 2500 பக்கம் இறங்கிவிடும். இறங்கும்போது கேட்கிற அமைதி இருக்கிறதே, கல்யாண வீட்டில் மைக் செட்டை நிறுத்தின மாதிரி. பின் சீட்டில் பேசுவது முன்னால் கேட்க ஆரம்பித்தது. 22 வருஷம் எங்கள் வீட்டில் காரில் யாரும் சாதாரணக் குரலில் பேசியதே இல்லை. திண்டிவனத்திலிருந்து திருச்சி வரை ஒரே மூச்சில் ஓட்டி இறங்கினால் காதில் இரைச்சல் இல்லை, முழங்கால் வலி மட்டும்தான். அது வயசுக்கு.

இன்ஜின்? நல்ல இன்ஜின். மலையில் கொதிக்கவில்லை, ஆயில் ஒழுகவில்லை, காலையில் ஒரே சாவியில் பிடித்துக்கொள்ளும். மைலேஜில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. குறை சொல்ல முடியாத மாப்பிள்ளை மாதிரி, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பேசவேண்டியது அந்த நடுக்கம்.

மாற்றிய முதல் நாளிலிருந்தே 60க்கும் 70க்கும் நடுவில் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். ஸ்டியரிங் ஆடாது, கண்ணாடி ஆடாது. உட்கார்ந்த இடத்தில் மட்டும் யாரோ அடியிலிருந்து மாவு சலிக்கிற மாதிரி. 70 தாண்டினால் அடங்கிவிடும். மாற்றிக் கொடுத்த பட்டறையில் முதல் தடவை வீல் பேலன்ஸ் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது தடவை கிராஸ் மாற்றினார்கள்; கியர்பாக்ஸின் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற வளையும் மூட்டு அது. மூன்றாவது தடவை அந்த ஷாஃப்ட்டையே கழற்றி பேலன்ஸுக்கு அனுப்பினார்கள். நாலாவது தடவை போனபோது மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். 28 வருஷம் ஆகியும் அந்த வாக்கியம் எனக்கு ஜீரணமாகவில்லை. அதே வண்டி அதற்கு முன் 22 வருஷம் அப்படி இல்லையே ஐயா.

இரண்டு வருஷம் கழித்து நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். சங்கதி இதுதான்: கிராஸ் ஜாயிண்ட் ஒன்று வளைந்த நிலையில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். முன்னால் உள்ள கிராஸ் செய்கிற அந்தக் கோணலைப் பின்னால் உள்ள கிராஸ் சரிக்குச் சரி எதிர்த்துச் செய்து அழித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு இடத்திலும் கோணம் சமமாக இருக்கவேண்டும், ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கிற கவை, அதாவது யோக், ஒரே தளத்தில் நிற்கவேண்டும். ஷாஃப்ட்டை அறுத்து நீளம் மாற்றி வெல்டு வைப்பவர் அந்தத் தளத்தைக் கொஞ்சம் திருப்பி ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. என்னுடையதில் வெல்டு சரி. கோணம்தான் தப்பு.

தச்சரிடம் ஒரு பாகைமானி இரவல் வாங்கி, அதில் நூலும் ஒரு நட்டும் தொங்கவிட்டுப் பார்த்தேன். கியர்பாக்ஸ் வால் பின்பக்கமாக 4 டிகிரி சரிந்திருந்தது. பினியன் மூக்கு மேல் நோக்கி 1 டிகிரிதான். இரண்டும் இணையாக இல்லை. புதிய கியர்பாக்ஸ் மவுண்டை வைத்தவர் இடம் கிடைத்த உயரத்தில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்க ஆப்பு மாதிரி இரண்டு இரும்புத் துண்டு லேத்தில் சீவி வாங்கினேன், 2 டிகிரி சரிவு. 3 டிகிரி வைக்காததற்குக் காரணம், மிதிக்கும்போது பினியன் மூக்கு தானாகவே கொஞ்சம் நிமிரும். யு போல்ட்டை முறுக்கி ரோட்டில் விட்டேன். 60, 65, 70. ஒன்றும் இல்லை. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் என்று நினைக்காதீர்கள். இரண்டு இரும்புத் துண்டுக்கு இரண்டு வருஷமா என்ற ஆத்திரம்.

பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தை: முதலில் அதைச் செய்யுங்கள். நாலு சக்கரத்துக்கும் டிரம் வைத்த வண்டி 50 குதிரைக்கு நிற்கும். 75 குதிரைக்கு நிற்பதாக நடிக்கும்.

இன்னொன்று, எந்த மெக்கானிக்கும் உங்களிடம் சொல்லமாட்டார். ஸ்டியரிங் கியர் போய்த் தரையில் கியர் வந்தால் முன் சீட்டும் போகிறது. எங்கள் வண்டியில் முன்னால் பலகை மாதிரி ஒரே நீள சீட். அப்பா ஓட்ட, ஜன்னலோரம் அம்மா, நடுவில் அப்பத்தா. அப்பத்தாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். தரையைத் துளைத்து, கியர் தண்டு வந்து, தனித்தனி சீட் வைத்த அன்றைக்கு அப்பத்தா ஜன்னலோரத்துக்கு வந்தார், அம்மா பின்னால் போனார். அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து போனதாக எனக்கு நினைவில்லை. அப்பாவின் கை கடைசி வரை ஸ்டியரிங்குக்கு அடியில் இல்லாத கியரைத் தேடிக்கொண்டேதான் இருந்தது. "உன் இசுசு" என்பார். ஒரு நாளும் "நம்ம வண்டி" என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சரி, ரிங்குக்கு வருகிறேன்.

போன வருஷம் வெளியூரில் ஒரு பட்டறையில் கியர் ஆயில் மாற்றினேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரென்ஷியலுக்கு ஊற்றுகிற ஜி.எல். 5 ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிட்டார்கள். பல்லுக்குப் பல் பலமாக உரசுகிற இடத்துக்காகச் செய்த ஆயில் அது. அதில் உள்ள மருந்து பித்தளைக்கு ஆகாது. ரிங், கியரின் கூம்பு மாதிரிப் பாகமான கோனைக் கவ்விப்பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். கவ்வ வேண்டியதற்கு வழுக்குகிற ஆயிலை ஊற்றினால்? ஆறே மாதத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போதெல்லாம் கறக் என்றது. பிரித்து, ரிங்கைக் கோன் மேல் அழுத்தி, இடைவெளியில் அதை அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டால் ஆக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. உள்பக்க வரிகள் எல்லாம் மழமழவென்று ஆகிவிட்டன. முடிந்தது.

தேட ஆரம்பித்தபோதுதான் வேடிக்கை. அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014இல் மூடியாகிவிட்டது. இந்தப் பெட்ரோல் இசுசுக்கும் அதன் கியர் பெட்டிக்கும் சாமான் கேட்டால் கடைக்காரர் முதலில் சிரிக்கிறார், பிறகு இதே இன்ஜின் வந்த கான்டெஸா கார் வைத்திருப்பவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்கிறார். கான்டெஸாக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அதே நேரம், நான் காலாவதி என்று கழற்றி ஓரம்கட்டிய 1489 இருக்கிறதே, பி சீரிஸ் என்கிற அதன் குடும்பம்தான் இங்கிலாந்தின் பழைய எம்.ஜி. கார்களில் ஓடியது. எம்.ஜி.ஏ. 1500இல் இருந்ததும் இதே 1489 சி.சி. பி சீரிஸ்தான். அந்தக் கார்களை இங்கிலாந்தில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் இருப்பதால் பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பி சீரிஸோடு ஃபோர்டின் ஐந்து கியர் பெட்டியை இணைக்க அடாப்டர்கூடக் கிடைக்கிறது. அதாவது எனக்குப் பிடித்த அந்த ஐந்தாவது கியரைப் பழைய இன்ஜினோடே வைத்திருக்கலாம். 1998இல் இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? பழசுக்குச் சாமான் கிடைக்காது என்று புதுசு போட்டேன். இன்று புதுசுக்குத்தான் சாமான் இல்லை.

சட்டமும் மாறிவிட்டது தம்பி. நாங்கள் மாற்றியபோது ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டி எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றினோம். 2000இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைத் திருத்திவிட்டார்கள். கம்பெனி சொன்னதற்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறக்கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மார்க் 2க்குள் 1817 சி.சி.யை வைத்துவிட்டு வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போய் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். இன்ஷூரன்ஸ் அதற்கப்புறம்.

அதோடு 2021இல் வின்டேஜ் பதிவு வந்தது. 50 வயது ஆன, இன்ஜினோ உடம்போ சேஸியோ பெரிதாக மாறாத வண்டிக்கு வி.ஏ. என்று தனி நம்பர் பலகை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். என் வண்டிக்கு இந்த வருஷம் சரியாக 50. இன்ஜின் மாறியதால் அந்தப் பலகை கனவிலும் கிடையாது. அது கிடைத்தாலும் தினப்படி வேலைக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அதே விதி சொல்கிறது, நான் மார்க்கெட்டுக்கே இந்த வண்டியில்தான் போகிறேன் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் தகுதி இருந்து வேண்டாம் என்று சொல்வது வேறு.

ஆக, வேண்டாம். இசுசு போடாதீர்கள். போர் பண்ணி, பிரேக்கைச் சரிசெய்து, உள்ளதை ஓட்டுங்கள். இதைத்தான் போனில் சொன்னேன், அன்றைக்குக் கோபத்தில் சொன்னேன். இன்றைக்குக் கோபம் இல்லாமலும் அதையேதான் சொல்கிறேன். நான் மறுபடி 1998க்குப் போனால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். திருச்சி ரோட்டில் அந்த ஐந்தாவது கியர் விழுகிற நொடியை நினைத்தால் பதில் மாறிவிடுகிறது.

தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அண்ணே, அப்போ உங்க வண்டியில கழட்டின பழைய இன்ஜின் இன்னும் இருக்கா? எனக்குக் கொடுத்திடுறீங்களா?"

இருக்கிறது. ஷெட் மூலையில் தார்ப்பாயைப் போர்த்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் விட்டு, கையால் கிராங்கைச் சுற்றி வைக்கிறேன். ஸ்டியரிங் கியரின் தண்டும் மேலே பரணில் இருக்கிறது. ரிங் வரட்டும், பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன்.