ஜி கண்டுபிடிக்க டிக்கர் டேப்பா, சென்சார் கிட்டா, போனா?

பினாங்கு ஜெலுத்தோங்ல ஃபார்ம் 4 பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். ஃப்ரீ ஃபால் பாடத்த, அதாவது ஒரு பொருளக் கீழ விழவிட்டு ஜிங்குற புவியீர்ப்பு முடுக்கத்தக் கண்டுபிடிக்குறத, மூணு விதமாவும் நடத்திப் பாத்தாச்சு, இப்ப நான் போன் பக்கம்தான்.

டிக்கர் டேப் தெரிஞ்ச கததான். விழுற பொருள் இழுத்துட்டுப் போற காகித நாடாவுல மெஷின் செகண்டுக்கு 50 புள்ளி குத்தும் (50 ஹெர்ட்ஸ்), புள்ளிக்குப் புள்ளி 0.02 செகண்ட், டேப் உரசுறதால ஜி 9.81க்குக் கீழதான் பெரும்பாலும் வரும். பாடநூல்ல இருக்கு, அதனால ஒரு கிளாஸ் ஒதுக்கித்தான் ஆகணும்.

சென்சார் கிட்னா சின்ன சர்க்யூட் போர்டுல சென்சார வயரால இணைச்சு லேப்டாப்ல கோட் எழுதி ஓட்டுறது. பாத்தா அதுதான் அசல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மாதிரி இருக்கும், கோடிங் வயரிங் எல்லாம் ஒண்ணா வருது, பிள்ளைங்களுக்கும் ரொம்பப் பிடிச்சது. ஆனா பராமரிப்பு இருக்கே! வருஷக் கடைசி லீவு முடிஞ்சு டப்பாவத் தொறந்தா ஜம்பர் வயர் லூசு, சென்சார் கால் வளைஞ்சு கெடக்கு, லேப்டாப் அப்டேட் ஆனதுல போர்டையே அதுக்குத் தெரியல, ஒன்றரை மணி நேர கிளாஸ்ல முக்கால் மணி நேரம் நான் வயரோட மல்லுக்கட்ட, பிள்ளைங்க சும்மா உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு பிசிக்ஸே நடக்கல. அடுத்த வாரமும் இதே கததான்.

போனுக்கு சார்ஜ் போட்டா போதும், பழைய போனே தாங்கும். ஃபைபாக்ஸ்னு ஒரு ஆப், ஜெர்மனி ஆஹன் யுனிவர்சிட்டில செஞ்சது, இலவசம். அதுல சத்தத்துல ஓடுற ஸ்டாப்வாட்ச் இருக்கு, முதல் சத்தத்துக்கு ஆரம்பிச்சு அடுத்த சத்தத்துக்கு நிக்கும். பலூன்ல நூல் கட்டி ஒரு குண்டத் தொங்கவிட்டோம், கீழ எவர்சில்வர் தட்டு. ஊசியால குத்துனா டப்பு, தட்டுல விழுந்தா டங்கு. ஒன்றரை மீட்டருக்கு மொத்தமே 0.55 செகண்ட்தான், கையால அமுக்குற ஸ்டாப்வாட்ச்ல நம்ம கை தாமதமே 0.2 செகண்ட் தின்னுரும்.

உயரத்தையும் நேரத்தையும் வெச்சு ஜி கணக்குப் போட்டப்ப ஒரு குரூப்புக்கு 10.5 வந்துச்சு. "ஆப் சரியில்ல டீச்சர்"னாங்க. நான் வாயத் தொறக்கல. கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு அளவு டேப்ப எடுத்து உயரத்த மறுபடி அளந்தா, பலூன் அடியிலேர்ந்து உயரம் எடுத்திருக்காங்க, குண்டோட அடியிலேர்ந்து எடுக்கணும், நடுவுல நூல் 10 செண்டிமீட்டர். 1.5அ 1.4ஆக்கிப் போட்டா 9.8! அவ முகத்தப் பாக்கணுமே. இன்னொரு நாள் மழை, ஜிங் கூரையில கொட்டுற சத்தத்துக்கு வாட்ச் தானா ஓடுது, அவங்களே செட்டிங்ல சத்த அளவ ஏத்தி வெச்சு சமாளிச்சாங்க.

என் கிளாஸ்ல 8 பேர்தான், 4 பேருக்கு ஒரு போன். 40 பேர் இருக்குற ஸ்கூல் கிளாஸ்ல நான் செஞ்சு பாத்ததில்ல, அங்க சத்தமே வாட்ச்சக் கொழப்பிரும்னு நெனைக்குறேன். கோடிங் பழக்கணும்னா போன் பத்தாது, அதையும் ஒத்துக்குறேன். சென்சார் கிட்டுக்கு ஆசப்பட்ட ரெண்டு பசங்க அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, வயரெல்லாம் புதுசா மாத்திட்டோம்னு நேத்து மெசேஜ் போட்டாங்க.