பழைய பாய்லரா, புது பாய்லரா? தண்ணீரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தாலே ஒரு வாதம் தவறாமல் வரும். பழைய வார்ப்பிரும்பு பாய்லர் 30 வருடம் அசராமல் ஓடியது, புதியது 10 வருடத்துக்குள் நாலு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட வைக்கிறது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கான பழியைப் புதியதை இயக்கும் சர்க்யூட் போர்டின் மேல் போடுவதில்தான் தப்பு. என் ஓட்டு, புகையின் நீராவியைத் தண்ணீராக்கி அதன் வெப்பத்தையும் பிடிக்கும் புதிய கண்டென்ஸிங் பாய்லருக்கே. ஒரே ஒரு நிபந்தனை: குழாய்களையும், அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடுகளான ரேடியேட்டர்களையும் உட்புறம் கழுவாமல் அதை மாட்டுவதாக இருந்தால், பழையதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பழையதன் பலம் அதன் எளிமை. வார்ப்பிரும்புத் தொட்டி, அடியில் பர்னர், இரவு பகலாக எரியும் பைலட் சுடர், அதன் மேல் மூக்கை நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள். அந்தச் சுடரின் சூட்டில் தெர்மோகப்பிள் 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்சாரம் தரும். அந்தத் துளி மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. சுடர் அணைந்தால் வால்வு தானாக மூடிவிடும். பைலட்டைப் பற்றவைக்க அழுத்திய பொத்தானை விட்டதும் அது அணைந்தால் பெரும்பாலும் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கும், அல்லது கேஸ் வரும் சிறு துளையான பைலட் ஜெட்டில் தூசி அடைத்துச் சுடர் அதன் முனையைத் தொடாமல் மஞ்சளாகச் சோர்ந்து எரியும். பாகமும் சின்னது, வேலையும் சின்னது. நட்டை விரலால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் முனையில் உள்ள காப்பு நசுங்கி, புதுத் தெர்மோகப்பிளும் வேலை செய்யாது.

அதன் பலவீனங்களும் ஊரறிந்தவை. எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவி, மொத்த வெப்பத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதத்தைப் புகைக்குழாய் வழியே கொண்டுபோய்விடும். அது போக, புகையே கொதிக்கக் கொதிக்க வெளியேறும். அறைக் காற்றை இழுத்து எரியும் வகையாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து எப்போதும் கூடவே இருக்கும். புகைக்குழாயில் பறவைக்கூடோ உதிர்ந்த காரையோ அடைத்தால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். பாய்லர் உறையில் கரி படிந்தாலோ, பர்னர் சுடர் மஞ்சளாக ஆடினாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பழையதற்குச் சலுகை காட்ட எனக்கு மனம் வராது. பழையதை வைத்திருப்பவர்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இருக்கவே கூடாது.

புதியதில் புகை குளிர்ந்து, அந்த நீராவி தண்ணீராக மாறும்போது விடும் வெப்பத்தையும் பாய்லர் பிடித்துக்கொள்கிறது. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பாய்லர் நீரின் வெப்பநிலையை 80-இல் வைத்துவிட்டு ‘கேஸ் மிச்சமாகவில்லையே’ என்று வருந்துவதில் பொருளில்லை. 60-க்கு இறக்கிப் பாருங்கள், வீடு சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். (குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் சூடாக்கி வைக்கும் வீடுகளில் அந்தத் தொட்டி மட்டும் கிருமிக்கு இடம் தராமல் 60 டிகிரியை எட்ட வேண்டும்.) பழைய வார்ப்பிரும்பு பாய்லரில் இப்படி வெப்பநிலையை இறக்காதீர்கள். புகையிலுள்ள நீராவி குளிர்ந்து அதற்குள் நீராகப் படிந்தால் உடம்பே துருப்பிடிக்கும்.

புதியதில் நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர் அமிலத்தன்மை உள்ளது, பாய்லரின் அடியிலுள்ள ட்ராப் (நீர் தேங்கி நிற்கும் வளைவு) வழியாக வடியும். வடிகுழாய் சுவருக்கு வெளியே மெல்லியதாக ஓடினால் கடுங்குளிரில் உறைந்து அடைக்கும், உள்ளே ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டு பாய்லர் நின்றுவிடும். வெளிப்பகுதிக்குக் குறைந்தது 32 மில்லிமீட்டர் குழாய், மேலே காப்புறை, நல்ல சரிவு, முடிந்தவரை குறைந்த நீளம், இவை இருந்தால் போதும். உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

போர்டு கதைக்கு வருவோம். போர்டு கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போர்டின் தலையில் விழும் பழிகளில் பல, மேலே கசியும், காற்றை வெளியேற்றும் வால்விலிருந்தோ பம்ப் சீலிலிருந்தோ சொட்டும் தண்ணீரால் வருபவை. கசிவை நிறுத்தாமல் போர்டை மாற்றினால் அடுத்ததும் போகும். தளர்ந்த கனெக்டர், பச்சைக் களிம்பு பூத்த மின்முனை, பற்றவைக்கும் எலக்ட்ரோடில் படிந்த சாம்பல், எல்லாம் பார்த்த பிறகுதான் போர்டுக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் “போர்டு போச்சு” என்று சொல்பவரிடம் எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய வார்ப்பிரும்புக்குள் நீர்வழி விரல் நுழையும் அகலம். கசடு அடியில் படிந்தாலும் தண்ணீர் மேலே ஓடிக்கொண்டிருக்கும். புதிய பாய்லரின் வெப்பப் பரிமாற்றியில் (சுடரின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் பாகம்) நீர்வழி சில மில்லிமீட்டர்தான். வீட்டுச் சூட்டையும் குழாய் வெந்நீரையும் ஒன்றாகத் தரும் காம்பி பாய்லரில் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தட்டுகளின் இடைவெளி இன்னும் ஒடுக்கம். ரேடியேட்டர் இரும்பு உள்ளே அரித்து உண்டாகும் கறுப்புக் கசடு, மேக்னடைட், அங்கேதான் போய் உட்காரும். பழைய பாய்லர் 30 வருடம் ஓடிய காலத்தில் சேர்த்த கசடு முழுவதையும் புதிய பாய்லர் முதல் குளிர்காலத்திலேயே விழுங்குகிறது. அதனால்தான் அது ‘நிலைக்காது’ என்று பெயர் வாங்குகிறது.

அடையாளங்கள் எளிது. ரேடியேட்டரின் மேல்பாகம் குளிர்ந்திருந்தால் காற்று, கீழ் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் கசடு. பர்னர் பற்றியதும், பாய்லரிலிருந்து கிளம்பும் நீரின் வெப்பநிலை சில நொடிகளில் 80-ஐத் தொட்டு, திரும்பும் நீர் 30-லேயே நின்று, பர்னர் அணைந்து மறுபடி பற்றினால் நீரோட்டம் தடைபட்டிருக்கிறது. கெட்டில் கொதிப்பது போன்ற இரைச்சலும் அதையே சொல்லும், கடினநீரின் சுண்ணாம்புப் படிவும் இதே சத்தம் தரும். ரேடியேட்டரிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்து, வெளியே ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் காந்தத்தின் பக்கம் மீசை போல நகர்ந்து ஒட்டினால் வேறு சோதனையே வேண்டாம்.

கழுவும் வேலை பழைய பாய்லர் இருக்கும்போதே நடக்கட்டும். கசடு கரைக்கும் மருந்தை ஊற்றி, புட்டியில் சொன்ன நாட்கள் வரை சூட்டை ஓடவிடுங்கள். பிறகு ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி, ரப்பர் சுத்தியலால் அதன் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் சுலபமான வழியில் போய்விடும், அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். இதில் ஒரு அபாயம் உண்டு: கசடுதான் அடைத்துக்கொண்டிருந்த ஊசித்துளைகள் கழுவியதும் ஒழுகலாம். 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் கழுவல் முழுமையாக அமையும் என்று உறுதி தர மாட்டேன்.

புதிய பாய்லர் வந்ததும் திரும்பும் குழாயில், பாய்லருக்குச் சற்று முன்னால், காந்த ஃபில்டர். பிறகு துரு தடுக்கும் மருந்து, இன்ஹிபிட்டர். ரேடியேட்டருக்கு 10 லிட்டர் என்று தோராயமாக வைத்து, 10 ரேடியேட்டர் வீட்டுக்கு 100 லிட்டர் நீருக்கான அளவு ஊற்றலாம். வெப்பப் பரிமாற்றி அலுமினியம் என்றால் அதற்கு ஒத்துப்போகும் மருந்துதானா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஃபில்டரை முதல் மாதத்தில் ஒருமுறை, பிறகு வருட சர்வீஸில் ஒருமுறை திறந்து துடைத்தால் போதும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு இரும்பு ஆணி போதும். ஒன்றை ரேடியேட்டர் நீரிலும் மற்றதைச் சாதாரணக் குழாய் நீரிலும் மூடிய குடுவைகளில் சில நாட்கள் போட்டு வையுங்கள். ரேடியேட்டர் நீரில் போட்ட ஆணியும் சிவந்தால் மருந்து பற்றவில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுக்கும். குளிர்ந்த நிலையில் நீரின் அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடேறும்போது 3 பார் வரை ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்கினால், சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கலனில் காற்று குறைந்திருக்கிறது. பலர் வாராவாரம் தண்ணீர் நிரப்பிச் சமாளிப்பார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, மருந்து நீர்த்துப்போகிறது, கசடு மறுபடி வளர்கிறது. கலனின் காற்று வால்வை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, கலனை மாற்ற வேண்டும். காற்று மட்டும் குறைவு என்றால், பாய்லரை அணைத்து ஆறவிட்டு, நீர் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கி, சைக்கிள் பம்பால் 0.75 முதல் 1 பார் வரை ஏற்றினால் சரியாகும். அழுத்தம் மிஞ்சும்போது நீரை வெளியே விட்டுச் சொட்டும் பாதுகாப்பு வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுக்கிறார்கள். பர்னர் கதவையும் கேஸ் வால்வையும் உரிமம் பெற்றவர் தவிர யாரும் தொடக்கூடாது. கதவைத் திறந்தால் தயாரிப்பாளர் சொன்னபடி சீலை மாற்றி மூடி, புகை அளவீட்டுக் கருவி வைத்துப் பார்த்த பிறகே பாய்லரை ஓடவிட வேண்டும்.

பழையதையே வைத்திருப்பது எப்போது சரி? புகைக்குழாய் சோதனையில் தேறி, வார்ப்பிரும்புத் துண்டுகளுக்கிடையே கசிவு இல்லாமல், தெர்மோகப்பிளும் கேஸ் வால்வும் இன்னும் கிடைக்கிற வரை. கேஸ் வால்வு தயாரிப்பு நின்றுவிட்டது என்று தெரிந்தால், கோடையிலேயே கழுவும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் அவசரமாக மாற்றும் வீடுகளில் முதலில் விட்டுப்போவது அந்த வேலைதான்.